சட்டம் இருக்கிறது, ஸ்குவாட்ரன் எங்கே? பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கும் விமானப்படைத் தலைமைத் தளபதி அவர்களுக்கும்,

போன மாதம் என் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மொத்தம் மூன்று வரி. பயணிகள் விமானம் ஓட்டும் குடிமக்கள் பகுதிநேரமாக விமானப்படை விமானங்களில் பணியாற்ற ஏதாவது வழி உண்டா என்று ஐந்து மாதங்களுக்கு முன் எழுதிக் கேட்டிருந்தேன். எந்த அலுவலகத்துக்கு எழுதினேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே உட்கார்ந்து பதிலைத் தட்டச்சு செய்தவர் மீது எனக்குக் கோபமில்லை. முதல் வரி, என் கடிதம் கிடைத்ததாகச் சொன்னது. இரண்டாம் வரி, அப்படி ஒரு திட்டம் இல்லை என்றது. மூன்றாம் வரி, ஆர்வமிருந்தால் டெரிடோரியல் ஆர்மிக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. டெரிடோரியல் ஆர்மி தரைப்படையின் பகுதிநேரப் படை. என்னைப் போன்ற ஒரு விமானிக்கு அங்கே ஓட்ட விமானம் கிடையாது. கடிதத்தின் தலைப்பில் என்னை 'ஐயா' என்று விளித்திருந்தார்கள். நான் பெண்.

இரண்டாம் வரிதான் இந்த மடலை எழுதவைத்தது. 'திட்டம் இல்லை' என்பது பாதி உண்மை. திட்டம் இல்லை, சட்டம் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டின் 62-ஆம் சட்டம், ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைகள் சட்டம். படையிலிருந்து விலகியவர்களுக்கு ஒரு ரிசர்வ் (தேவைப்படும்போது அழைக்கப்படும் இருப்புப் படை), வான்பாதுகாப்புக்கு ஒரு ரிசர்வ், வேறு வேலையில் இருந்துகொண்டே பயிற்சிக்கு வந்துபோகும் குடிமக்களுக்கு ஒரு துணை விமானப்படை என்று மூன்றுக்கும் அந்தச் சட்டம் இடம் வைத்தது. அப்படி அழைக்கப்பட்டவர் பணி முடிந்து திரும்பினால் அவரை மறுபடி பழைய வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதிக்கும் பிரிவும் அதிலேயே இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் அது ஏட்டோடு நிற்கவுமில்லை. டெல்லி, பம்பாய், மதராஸ், கல்கத்தா என்று நகரங்களில் துணை விமானப்படை ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் படைப்பிரிவுகள், உருவாயின. வாரநாட்களில் வேறு வேலை பார்த்தவர்கள் ஓய்வு நாட்களில் ஹார்வர்டு பயிற்சி விமானங்களில் பறந்தார்கள். பின்னர் அந்த ஸ்குவாட்ரன்கள் வழக்கமான படைக்குள் கரைந்துபோயின. பகுதிநேர விமானி என்கிற ஆள் மட்டும் எங்கேயும் சேரவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வயது 41. ஏ.டி.ஆர். 72 என்ற பயணிகள் விமானத்தின் கேப்டன். பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் என் லாக்புக்கில் எட்டாயிரம் மணிநேரத்துக்கு மேல் இருக்கிறது. பறக்கக் கற்றது அப்துல்லாபுரத்தில். பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா பக்கம் போகிறவர்களுக்கு அந்த ஓடுபாதை தெரிந்திருக்கும். 2011 வரை மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் பயிற்சி விமானங்கள் அங்கே பறந்தன. காலை ஏழு மணிக்கு முன்னால் ஓடுபாதையில் மேயும் ஆடுகளை விரட்டுவதற்கென்றே ஒரு பெரியவர் சைக்கிளில் வருவார். அவர் கையைத் தூக்கிக் காட்டினால்தான் நாங்கள் என்ஜினை முடுக்குவோம். எங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் அவர்தான். வெயில் ஏற ஏற மலைப்பக்கத்துக் காற்று சிறிய விமானத்தைச் சுளகில் போட்டுப் புடைப்பதுபோலப் புடைக்கும். இன்று எவ்வளவு மோசமான காற்றிலும் என் கை பதறாமல் இருப்பதற்கு அந்த மலைகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பறக்கக் கற்றதற்கான பணம் அப்பாவுடையது. அவர் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவர். ஜூனியர் வாரன்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். சண்டிகரிலும் ஜோர்ஹாட்டிலும் ஏஎன்-32 போக்குவரத்து விமானங்களின் வயிற்றுக்குள் நுழைந்து நுழைந்து முதுகு வளைந்தவர். ஓய்வூதியப் பணம் போதாமல் அணைக்கட்டுப் பக்கம் இருந்த நிலத்தையும் விற்று எனக்கு இருநூறு மணிநேரம் வாங்கிக் கொடுத்தார். வணிக விமானி உரிமத்துக்கு அவ்வளவு மணிநேரம் பறந்திருக்க வேண்டும்.

அம்மா பிறந்த ஊர் கம்மவான்பேட்டை. வேலூர் மாவட்டத்தில் அதை ராணுவப்பேட்டை என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருக்கும் ஊர். அங்கே கல்யாண வீட்டில் 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்பதற்கு முன்னால் 'லீவு எத்தனை நாள்' என்றுதான் கேட்பார்கள். நான் விமானி என்று தெரிந்ததும் ஒரு தாத்தா ஆசையாகக் கேட்டார்: "எந்த யூனிட்டும்மா?" தனியார் கம்பெனி என்றேன். "அப்படியா" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அந்த 'அப்படியா' எனக்குள் கிடக்கிறது.

நான் முயலாமல் இல்லை. 2008-இல் உரிமம் கையில் வந்தபோது உலகமே கடனில் சரிந்துகொண்டிருந்தது. விமான கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டன. அந்தச் சும்மா இருந்த காலத்தில் விமானப்படைத் தேர்வுக்குப் போனேன். ஒருமுறை தேறவில்லை, அடுத்தமுறை வயது கடந்திருந்தது. அதில் யார்மீதும் குறையில்லை, தோற்றது நான்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இன்றைய விதியிலும் பறக்கும் பிரிவில் சேர வயது 20 முதல் 24 வரை. வணிக உரிமம் வைத்திருப்பவருக்கு 26 வரை சலுகை. 26 வயதில் ஒரு வணிக விமானி பெரும்பாலும் இருநூறு, முந்நூறு மணிநேரத்தோடு வேலைக்காக அலைந்துகொண்டிருப்பார். அவர் ஒரு நாட்டுக்குப் பயன்படும் அளவுக்குத் தேர்வதே அதற்குப் பிறகுதான். தேர்ந்த நாளில் உங்கள் கதவு மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

கதவு என்று சொன்னேன். அது ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு. என் தொழிலில் எல்லோரும் தினமும் பார்க்கிற விஷயம் இது. நான் துணை விமானியாக இருந்தபோது எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர்களில் பலர் விமானப்படையிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஏஎன்-32 ஓட்டிய விங் கமாண்டர். ஒரு வடகிழக்குப் பருவமழை நாளில் தூத்துக்குடியில் இறங்கப் போகிறோம். மழைத்திரைக்குள் ஓடுபாதை தெரிந்து தெரிந்து மறைகிறது. அவர் குரலை உயர்த்தவில்லை. "இன்னும் நூறு அடி பார்ப்போம். தெரியவில்லை என்றால் மேலே போவோம். டீ மதுரையில் குடித்துக்கொள்ளலாம்" என்றார். தெரியவில்லை. மேலே போனோம். மதுரையில் டீ குடிக்கும்போதுதான் சொன்னார், அருணாசலத்தில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது இப்படி மேலே போவதற்கு இடமே இருக்காது என்று. அந்தப் பாடத்தை எந்த சிமுலேட்டரும் எனக்குக் கொடுத்ததில்லை.

பிறகு நான் கேப்டன் ஆனேன். இப்போது வலப்பக்கம் வந்து உட்காருகிறவர்களில் சிலர் பதினான்கு ஆண்டு குறுகியகாலப் பணியை முடித்து விமானப்படையிலிருந்து வந்தவர்கள். எங்கள் தொழிலில் முன் அனுபவம் எவ்வளவு இருந்தாலும் வரிசையின் கடைசியில்தான் சேரவேண்டும். என்னைவிட அதிகம் பார்த்தவர் என் ஆணைக்குக் காத்திருக்கிறார்; நான் அவரிடம் கற்கிறேன், அவர் என்னிடம் கற்கிறார். அந்த விமானி அறைக்குள் யார் சீருடையில் இருந்தவர், யார் இல்லாதவர் என்று கருப்புப்பெட்டியின் ஒலிப்பதிவைக் கேட்டால்கூட உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆக, ராணுவ விமானியும் குடிமக்கள் விமானியும் ஒரே அறையில் உட்கார்ந்து பறப்பது சாத்தியமா என்ற கேள்விக்கு இந்த நாட்டில் தினமும் நூற்றுக்கணக்கான விமானங்களில் பதில் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அது உங்கள் விமானங்களில் மட்டும் நடப்பதில்லை.

முன்பு நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் இந்திய விமானப்படைத் தன்னார்வ ரிசர்விலிருந்து கடலோரக் காவல் விமானப் பிரிவுகளை அமைத்தார்கள். அவற்றில் முதலாவது சென்னை பரங்கிமலையில் இருந்தது. 1947 அக்டோபர் 27 அன்று முதல் சீக்கிய பட்டாலியன் ஸ்ரீநகரில் இறங்கியபோது அவர்களைச் சுமந்த டகோட்டாக்களில் விமானப்படை விமானங்களும் இருந்தன, தனியார் விமான கம்பெனிகளுடையவையும் இருந்தன. ஐம்பதுகளிலிருந்து வடகிழக்கு எல்லையின் காவல் நிலைகளுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் வானிலிருந்து போட்டவர்களில் கலிங்கா ஏர்லைன்ஸ் விமானிகளும் உண்டு. ஜோர்ஹாட்டில் அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய ஃபிட்டர்கள் இன்னும் அவர்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1971. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று நாகாலாந்தின் திமாப்பூரில் 'கிலோ ஃப்ளைட்' என்ற சிறு பிரிவு தொடங்கியது. பின்னாளில் வங்கதேச விமானப்படையாக வளர்ந்த வித்து அது. ஒரு டகோட்டா விமானம், ஓர் ஆட்டர் சிறு விமானம், ஓர் அலுவெட் ஹெலிகாப்டர், அவ்வளவுதான். விமானிகளில் பாகிஸ்தான் விமானப்படையை விட்டு வந்தவர்கள் சிலர். மற்றவர்கள் பயணிகள் விமானமும் பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானமும் ஓட்டிக்கொண்டிருந்த சாதாரண விமானிகள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது நம் விமானப்படை. டிசம்பர் 3 இரவு ஹெலிகாப்டர் நாராயண்கஞ்ச் எரிபொருள் கிடங்கைத் தாக்கியது. ஆட்டர் சிட்டகாங் கிடங்கைத் தாக்கியது. ஆட்டரின் விமானி அறையில் ஓர் அதிகாரியோடு உட்கார்ந்திருந்தவர் கேப்டன் அக்ரம் அகமது. படைக்காரர் அல்ல, குடிமக்கள் விமானி. இரண்டே மாதப் பயிற்சியில், இரவில், தாழப் பறந்து போய்த் திரும்பினார்கள். அயல்நாட்டுக் குடிமக்கள் விமானிகளை நம் படை நம்பிப் பழக்கியது. சொந்த நாட்டு விமானிக்கு மூன்று வரியில் பதில் போகிறது. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உங்கள் தரப்பில் நியாயமான மறுப்புகள் இருக்கின்றன. அவற்றை நானே சொல்கிறேன். போர் விமானம் ஓய்வுநாள் வேலை அல்ல. பிரிட்டனில் 1940-இல் நாட்டைக் காத்த போர் விமான ஸ்குவாட்ரன்களில் 14 துணை விமானப்படையுடையவை. ஆனால் ஜெட் காலம் வந்ததும் 1957-இல் அவர்களே அவற்றைக் கலைத்துவிட்டார்கள். சுகோய் விமானத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறேன் என்று யாராவது வந்தால் நானே வாசலில் நின்று திருப்பி அனுப்புவேன். அப்பாவும் கூட நிற்பார், கையில் ஸ்பேனரோடு.

போக்குவரத்து விமானம் வேறு. அமெரிக்காவில் 1968 முதல் ரிசர்வ் விமானிகள் வழக்கமான படையின் அதே போக்குவரத்து விமானங்களில், அதே ஆட்களோடு கலந்து பறக்கிறார்கள். அவர்களில் பலர் மற்ற நாட்களில் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர்கள். இங்கே நிலைமை இன்னும் வசதி. விமானப்படை 56 சி-295 போக்குவரத்து விமானங்களை வாங்குகிறது. 16 ஸ்பெயினிலிருந்து வந்தவை, மீதி 40 வதோதராவில் செய்யப்படுகின்றன. அதன் இரண்டு என்ஜின்களும் பிராட் அண்ட் விட்னி கனடாவின் பி.டபிள்யூ.127 குடும்பம். நான் தினமும் ஓட்டும் ஏ.டி.ஆர். விமானத்திலும் அதே குடும்பத்து என்ஜின்தான். அந்த என்ஜினின் இருமலும் தும்மலும் எனக்குத் தெரியும். டோர்னியர் 228 என்ற சிறு விமானம் விமானப்படையிலும் இருக்கிறது. 2022 முதல் அருணாசலத்தில் பயணிகளையும் ஏற்றிச் செல்கிறது. பாராசூட்டில் சரக்கு போடுவதும், அணிவகுத்துப் பறப்பதும், இரவுக்கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்குவதும் எனக்குத் தெரியாது. அவற்றை என்னிடம் கொடுக்காதீர்கள். தளத்திலிருந்து தளத்துக்கு ஆளும் உதிரிபாகமும் கொண்டுபோகும் அன்றாடப் பறப்புகளில், உங்கள் கேப்டனுக்குப் பக்கத்தில், வலப்பக்க இருக்கையைக் கொடுங்கள். அந்த இருக்கையில் இன்று உட்கார்ந்திருக்கும் உங்கள் இளம் விமானி, எனக்குத் தெரியாத அந்த வேலைகளைப் பழகப் போகட்டும்.

ஆள் தேவை இல்லை என்று சொல்ல முடியாது. விமானப்படையில் 2015 பிப்ரவரியில் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021 இறுதியில் 596 ஆகக் கூடியது என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொல்கிறது. அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஆவணம்.

இன்னொரு மறுப்பு, களைப்பு. இது என் தலைக்கு நேராக வருகிற கேள்வி என்பதால் நேராகவே பதில் சொல்கிறேன். எங்களுக்கு ஓராண்டில் அதிகபட்சம் ஆயிரம் மணிநேரப் பறப்பு என்பது சட்டம். வாராந்தர ஓய்வை 48 மணிநேரமாக உயர்த்திய புதிய விதி, பல ஆண்டுகள் விமானிகள் கேட்டுக் கிடைத்தது. அதைச் சரியாகத் திட்டமிடாததால் 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதை நாடே பார்த்தது. அந்த ஓய்வில் கைவைத்துப் படைக்கு வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என்னைச் சேர்க்கக் கூடாது. உங்களிடம் பறக்கும் ஒவ்வொரு மணியும் அந்த ஆயிரத்துக்குள் எழுதப்பட வேண்டும். அப்படியென்றால் என் கம்பெனி அந்த அளவுக்கு என்னை விட்டுக்கொடுக்க வேண்டும். கேப்டன்கள் போதவில்லை என்று அவர்களே தவிக்கும்போது மனமுவந்து விடுவார்களா? மாட்டார்கள். என் மேலாளரிடம் ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டபோது, "சமூக சேவை செய்ய ஆசை என்றால் ரத்த தானம் செய்யுங்கள்" என்று சிரித்தார். செய்துகொண்டுதான் இருக்கிறேன். கம்பெனிகளின் நல்ல மனத்தை நம்பி இது நடக்காது. 1952 சட்டத்தின் வேலைப் பாதுகாப்புப் பிரிவு செயலுக்கு வந்தால்தான் நடக்கும்.

உல்லாசத்துக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் புறப்பட்ட ஏஎன்-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. அன்று முதல் பல நாள் அப்பா தொலைக்காட்சியை அணைக்கவே விடவில்லை. அதன் சிதைவுகள் சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டதாக 2024 ஜனவரியில் செய்தி வந்தபோது அவர் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. கேட்பது எந்த வேலையை என்று தெரிந்தே கேட்கிறேன்.

2015 டிசம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடையாற்று வெள்ளம் சென்னை விமான நிலையத்துக்குள் புகுந்து ஓடுபாதையை மூடியபோது அரக்கோணத்துக் கடற்படை விமானதளமான ஐ.என்.எஸ். ராஜாளியைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் போட்ட ஓடுபாதை; 1992-இல் கடற்படைத் தளமானது; எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்து மண். அன்று நான் துணை விமானி. நிலையமே மூடியதால் வேலை இல்லாமல் வேலூரில் இருந்தேன். அப்பாவும் நானும் உறவினர்கள் சிலரும் புளிச்சோறும் தண்ணீர் பாட்டிலும் ஏற்றிக்கொண்டு அரக்கோணம் போனோம். சென்னையிலிருந்து பஸ்களில் கொண்டுவரப்பட்டவர்கள், இடுப்புவரை நனைந்த துணியோடு, கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய டிக்கெட்டோடு நின்றார்கள். உள்ளே கடற்படைக்காரர்களும் விமான கம்பெனி ஊழியர்களும் ஒரே மேசையில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். சில நாட்களுக்கு ராணுவம், தனியார் என்ற கோடே அழிந்திருந்தது.

நான் வாசலுக்கு வெளியே பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது கேவலமான வேலை இல்லை. பசித்தவர் கையில் சோறு போய்ச் சேர்வதைவிடப் பெரிய வேலை அன்று இல்லை. ஆனால் மேலே ஒரு ஏ.டி.ஆர். சுற்றி இறங்க வந்தது. அதன் சக்கரம் இறங்கும் சத்தத்தை வைத்தே நான் தலை நிமிராமல் விமானத்தின் பெயரைச் சொன்னேன். அப்பா கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். "எனக்கு வேறு எந்த வருத்தமும் இல்லை. உன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதுதான்" என்றார். நான் ஹெலிகாப்டர் ஓட்டியதில்லை. கயிற்றில் ஆளைத் தூக்க எனக்குத் தெரியாது. ஆனால் எடைக் கணக்குப் போட, வானிலைக் குறிப்பைப் படித்து எது முதலில் இறங்கலாம் என்று சொல்ல, சரக்கு ஏற்றிய விமானத்தில் துணை விமானியாக உட்காரத் தெரியும். என்னைப் போன்றவர்கள் அன்று இந்த மாநிலத்தில் எத்தனை பேர் வீட்டில் இருந்தோம்! 2020-இல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்களே பறக்காதபோதும், அடுத்த ஆண்டு கோடையில் விமானப்படை ஆக்சிஜன் டாங்கர்களை இரவும் பகலும் சுமந்தபோதும் இதே கதைதான்.

ஒரு சிறிய மனக்குறை. விமானப்படை கௌரவப் பதவி கொடுக்கிறது. இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாடாவுக்குக் கொடுத்தது; மிகப் பொருத்தம். 2010-இல் சச்சின் டெண்டுல்கரை கௌரவ குரூப் கேப்டன் ஆக்கியது. அவர் ஆட்டத்தை ரசித்து வளர்ந்த எனக்கு அதில் மகிழ்ச்சிதான். எனக்கு கௌரவம் வேண்டாம். ரோஸ்டரில், அதாவது பணிப் பட்டியலில், ஒரு வரி போதும்.

இனி என் கோரிக்கைகள். 1952 சட்டத்தின் கீழ் துணை விமானப்படை இன்று எந்த நிலையில் இருக்கிறது, அதை மீண்டும் எழுப்பும் எண்ணம் உண்டா இல்லையா என்பதை நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கையாக வையுங்கள். இல்லை என்றால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் நாங்கள் கேட்பதை நிறுத்திக்கொள்வோம்.

எண்ணம் உண்டென்றால் சிறிதாகத் தொடங்குங்கள். தாம்பரத்திலோ சூலூரிலோ ஒரே ஒரு பிரிவு. டோர்னியர் அல்லது சி-295. இருபது குடிமக்கள் விமானிகள். எப்போதும் வழக்கமான படையின் கேப்டனுக்குப் பக்கத்து இருக்கையில். இரண்டு ஆண்டு பாருங்கள். பயன் இல்லையென்றால் மூடிவிடுங்கள். வயது வரம்பை 45 ஆக வையுங்கள். வயதுக்குப் பதிலாகப் பறந்த மணிநேரத்தையும் மருத்துவத் தகுதியையும் கேளுங்கள். ஆண், பெண் என்று தனி வரி வேண்டாம்.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தோடு உட்கார்ந்து, படையில் பறந்த மணிநேரம் ஆண்டு வரம்புக்குள் எப்படிச் சேரும் என்று விதி எழுதுங்கள். ஆண்டுக்கு இத்தனை நாள் விமானியை விடுவிக்க வேண்டும் என்று விமான கம்பெனிகளுக்கு ஆணையிடுங்கள். விடுவித்த நாட்களுக்கு அவர்களுக்கு என்ன ஈடு என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்; இல்லையேல் அந்த நஷ்டம் எங்கள் சம்பளச் சீட்டில் வந்து உட்காரும்.

பறக்கும்போது எங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், பக்கத்து இருக்கையில் இருந்தவரின் குடும்பத்துக்குக் கிடைப்பது எங்கள் குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். ஒரு ரூபாய் குறையாமல். கம்மவான்பேட்டையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சட்டம் அது: 'குடும்பத்துக்கு என்ன' என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

இது எல்லாம் முடிவாக நாளாகும் என்று தெரியும். அதுவரை ஒன்று செய்யலாம், அதற்குப் பணமும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். பேரிடரில் உதவத் தயாராக இருக்கும் உரிமம் பெற்ற விமானிகள், விமானப் பொறியாளர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொடங்குங்கள். எந்த விமானம், எத்தனை மணிநேரம், எந்த ஊர், எந்தத் தொலைபேசி எண். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அது தயாராகிவிடும். என் பெயரை முதலாவதாக எழுத வேண்டியதில்லை, இருந்தால் போதும். அப்பாவுக்கு 71 வயது. பட்டியல் வெளியானால் ஒரு நகல் அனுப்புங்கள், அவரிடம் காட்ட வேண்டும்.

என் பழைய கடிதமும் அதற்கு வந்த மூன்று வரிப் பதிலும் இந்த மடலோடு உங்கள் இருவர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் வருகின்றன. அறுபது நாட்களுக்குள் கையெழுத்திட்ட பதில் எதிர்பார்க்கிறேன். தமிழிலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். ஜோர்ஹாட்டில் பிறந்து சண்டிகரில் படித்த பிள்ளை நான், மூன்றும் படிப்பேன். 'ஐயா' என்று மட்டும் தொடங்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ஏ.டி.ஆர். கேப்டன்,
வேலூர்.